சம்பந்தியைப் பயனாளி ஆக்கியது நான் அல்ல

சுங்கை மெரந்தி தோட்டம்,
லிங்கி.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திருநாவுக்கரசு அவர்களின் சமூகத்திற்கு,

சன்னாசி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மயிலம்மாளும் சேவலும் கோழிகளும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை சசிதரனும், எங்கள் மகளும் தங்கள் மருமகளுமான புனிதாவும், அவள் வயிற்றில் வளரும் நம் இரண்டு வீட்டுச் செல்வமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் தங்கள் திருமுகம் இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் இருக்கிறது. புனிதாவைக் கேட்டால், "அப்பா, மாமா உங்கள புளோக் பண்ணிட்டாரு லா. இப்ப ஒன்னும் பேசாதீங்க, ஆறட்டும்" என்கிறாள். ஆறும் வரை பொறுத்திருக்க என்னால் முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுகிறேன், டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். வீட்டுக்குள் இப்படியே நடந்தால் சிமெண்டு தேய்ந்துவிடும், வாசலில் போய் நடங்கள் என்று மயிலம்மாள் விரட்டிவிட்டாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். வாழ்நாளெல்லாம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், எதிர்த்தரப்பின் வாக்குமூலத்தைப் படிக்காமல் கிழித்துப்போட மாட்டார் என்ற ஒரே தைரியம்தான்.

விஷயம் அந்தப் புகைப்படம் என்பது தங்களுக்குத் தெரியும். துணைக்கரம் அறவாரியத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில், எங்கள் தோட்டத்து இடிந்த பஸ் நிறுத்தத்தில், தலையில் துண்டோடும் காலில் செருப்பில்லாமலும், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டு, வாய் திறந்தபடி தாங்கள் உறங்கும் காட்சியும், அதற்குக் கீழே "போக்குவரத்தின்றித் தவிக்கும் தோட்டத்து முதியவர், வயது தெரியவில்லை" என்ற வாசகமும் வந்துவிட்டன. அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பழைய அலுவலக நண்பர்கள், 'நம் திருநாவுக்கரசுக்கா இந்த நிலை' என்று கண்கலங்கி, அரிசி மூட்டையும் பிஸ்கட் டின்னும் மைலோ பானத்தூள் டின்னும் வேனில் ஏற்றிவந்து, சிரம்பானில் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் பார்க்கத் தங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றைக்குத் தாங்கள் போன் செய்து, "சன்னாசி, என் வீட்டு வாசல்ல அரிசி இறங்கியிருக்கு. எதுக்குன்னு உமக்குத் தெரியுமா?" என்று நிதானமாகக் கேட்டீர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால், "மைலோ டின்னு பெருசா சம்பந்தி?" என்ற கேள்வி வெளியே வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதற்கு அப்புறம்தான் அந்தச் சாம்பல் வட்டம்.

ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டு வள்ளிநாயகியைத் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பிள்ளைகளின் கல்யாணப் பந்தியில் நின்றுகொண்டு, யாரையும் பாதிச் சாப்பாட்டில் எழவிடாமல் அதட்டினாளே, அவள்தான். இரண்டு சிறுநீரகமும் வேலையை விட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் போர்டிக்சனுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். மகன் சிங்கப்பூரில் வேலை. முன்பெல்லாம் பஸ் வந்தது. ஆள் ஏறவில்லை என்று அதை நிறுத்திவிட்டார்கள். போனில் வாடகைக் கார் கூப்பிட்டால், வருகிற கார் முச்சந்திவரை வரும், இரண்டு பக்கமும் செம்பனை மரத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று கண்டதும் ரத்து செய்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். சரி, மரம் ஏற்றும் பாலாக் லோரி ஓட்டி ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவன் பக்கத்திலேயே இருக்கிறேனே என்று என் பழைய காரில் நானே கூட்டிப்போய் வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அந்தக் கார், செம்பனைக் காட்டின் நட்டநடுவில், கைப்பேசி லைனும் கிடைக்காத இடமாகப் பார்த்து உயிரை விட்டது. வள்ளிநாயகி இறங்கி, வெட்டிக் குவித்திருந்த குலைகளின் ஓரத்தில் முந்தானையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏன் அண்ணே, பாலாக் லோரி ஓட்டுன காலத்துலயும் இப்படித்தான் மரத்தையெல்லாம் வழியில எறக்கி வச்சுருவீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அவளுக்குச் சிகிச்சை தவறிப்போனது. அதற்கடுத்த நாள் மூச்சு விடமுடியாமல் ஆம்புலன்சில் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்தபோது முகத்தில் பிராணவாயு முகமூடி. அதைக் கையால் தூக்கிவிட்டுக்கொண்டு, "நடுவழியில நின்னுச்சேன்னு அந்தக் காடிய வையாதீங்க அண்ணே, அதுக்கும் வயசாச்சுல்ல" என்றாள். தாதி என்னை வெளியே போகச் சொல்ல வந்தாள். நான் அதற்கு முன்பே வெளியே வந்திருந்தேன், சம்பந்தி. அன்றிலிருந்துதான் எனக்கு இந்த உட்காரமுடியாத வியாதி.

தோட்டத்துக்கென்று ஒரு வேன் வேண்டும் என்று கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினோம். குழு அமைத்தோம். 'டிரைவர்தானே, வேனைப் பற்றி இவருக்குத்தான் தெரியும்' என்று என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். செயலாளர் வசந்தன். இவன் போர்டிக்சன் பையன். எங்கள் தோட்டத்தில் பெண் கட்டி அண்மையில்தான் இங்கே குடிவந்தான், இன்சூரன்ஸ் விற்கிறான். அவன்தான் துணைக்கரம் அறவாரியம் என்று ஒன்று கோலாலம்பூரில் இருப்பதையும், அவர்கள் மானியம் தருவதையும், அதற்குப் 'புரோபோசல்' என்ற ஒன்றை எழுதவேண்டும் என்பதையும் சொன்னான். வேன் ஒன்று தரவும் என்று ஒரு வரியில் எழுதினால் போதாதா என்று கேட்டேன். "தலைவரே, அதுல நெறய பாகம் இருக்கு. ஒவ்வொன்னுக்கும் தனிப் பேரு. நான் வாசிக்கிறேன், நீங்க பதில் சொல்லுங்க, முடிச்சிடலாம் லா" என்றான். அவன் ஆங்கிலத்தில் வாசித்தான், நான் எனக்குத் தெரிந்த தொழிலை வைத்துப் பதில் சொன்னேன். அங்கேதான் முதல் கோணல்.

உங்கள் திட்டத்தின் இம்பேக்ட் என்ன என்று கேட்டிருந்தது. எங்கள் வேனால் எந்த இம்பேக்டும் ஏற்படாது, ஓட்டுநர் நிதானமானவர், பாலாக் லோரியையே யார்மேலும் முட்டாமல் ஓட்டியவர் என்று எழுதச் சொன்னேன். இண்டிகேட்டர்கள் யாவை என்று கேட்டிருந்தது. இடதும் வலதும் நன்றாக எரியும் என்றேன். லாக் பிரேம் இணைக்கவும் என்று இருந்ததைப் பார்த்து எனக்குக் கோபமே வந்துவிட்டது. மரக்கட்டை ஏற்றுகிற லோரிக்குத்தானே அந்தச் சட்டகம், நோயாளியை அதில் எங்கே உட்காரவைப்பது? தேவையில்லை என்று எழுதினோம். சஸ்டெய்னபிலிட்டி, அதாவது அறவாரியத்தின் உதவி நின்ற பிறகும் வேன் எப்படித் தொடர்ந்து ஓடும் என்ற கேள்விக்கு, டீசலில் ஓடும் என்று எழுதினோம். இன்-கைண்ட் பங்களிப்பு என்ன என்ற இடத்தில் வசந்தனே கொஞ்சம் யோசித்து, "கைண்ட்னா அன்புதானே தலைவரே?" என்றான். எங்களிடம் அன்பு நிறைய உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, வேனுக்கு என்ன நிறம் என்பதைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தோம்.

கொஞ்ச நாளில் அறவாரியத்திலிருந்து குளோரியா என்ற பெண் போன் செய்தாள். விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரியாம். நல்ல தமிழ்ப்பெண்.

"அங்கிள், ஒங்க புரோபோசல் படிச்சேன். ஒரு தடவ இல்ல, எங்க ஆபீஸ்ல எல்லாருமே படிச்சோம்."

"சந்தோசம்மா. வேன் எப்ப வரும்?"

"வேன் இருக்கட்டும் அங்கிள். இம்பேக்ட்னா முட்டுறது இல்ல. இந்த வேன் வந்தா ஒங்க ஆளுங்க வாழ்க்கை நாளைக்கு எப்படி மாறியிருக்கும்? அதான் கேட்டிருக்கோம். மாறிச்சா இல்லியான்னு எத வச்சுக் கண்டுபிடிப்பீங்க? அந்த அடையாளந்தான் இண்டிகேட்டர். விளக்கு இல்ல."

"அப்ப லாக் பிரேம்?"

அந்தப் பக்கம் இருமுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு அவள், என்ன செய்யப்போகிறோம், எதற்காகச் செய்கிறோம், நடந்தது என்று எப்படித் தெரியும், எது நடந்தால் கெட்டுப்போகும் என்பதையெல்லாம் ஒரே கட்டத்தாளில் அடக்கிக் காட்டுவதுதான் அது என்றாள். இன்-கைண்ட் என்றால் ரொக்கமாக இல்லாமல் பொருளாகவும் உழைப்பாகவும் நாம் போடுகிற பங்கு, வேன் நிறுத்தக் கோயில் கொட்டகை கொடுப்பதும் நான் சும்மா ஓட்டுவதும் அதில் சேரும் என்றாள். "அன்பையும் விட்டுடாதீங்க, ஆனா அத வேற எடத்துல காட்டுங்க" என்றாள். தேவை அறிக்கை என்ற பாகத்தில் நான் வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து இந்தத் தோட்டத்தைத் திறந்ததிலிருந்து தொடங்கி, ரப்பர் போய்ச் செம்பனை வந்ததுவரை பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். வேன் கடைசி வரியில்தான் வந்தது. "துரையும் குதிரையும் எதுக்கு அங்கிள்? வேன் இல்லாததால இன்னிக்கு யாருக்கு என்னா ஆகுது? அத மட்டும் எழுதுங்க, போதும்" என்றாள்.

அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். கார் நின்றது, வள்ளிநாயகி குலைகளின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தது, மறுநாள் முகமூடியைத் தூக்கிக்கொண்டு பேசியது, அவ்வளவுதான். துரை இல்லை, குதிரை இல்லை. அரைப் பக்கம்கூட வரவில்லை. ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்க என்னால் முடியவில்லை. எழுந்து வெளியே போய், ஒரு தப்பும் செய்யாத கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தேன்.

மற்ற பாகங்களுக்கு மறுபடியும் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். இலக்கு வேறு, நோக்கம் வேறு என்று குளோரியா சொல்லியிருந்தாள். இலக்கு தூரத்தில் இருப்பது, நோக்கம் இன்ன தேதிக்குள் இன்னது நடக்கும் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடியது. இதையாவது சமாளித்தோம். அவுட்புட், அவுட்கம் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லப்போய்க் கூட்டம் கலையப் பார்த்தது. வேன் எத்தனை தடவை போய்வந்தது என்பது அவுட்புட் என்றான் வசந்தன். போனால் வராமலா இருக்கும், அதை வேறு கணக்கெடுக்க வேண்டுமா என்று பின்னாலிருந்து குரல். எனக்குத் தலை சுற்றியது. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மயிலம்மாள், "நம்ம புனிதா கல்யாணத்துல ஊரே ஒக்காந்து சாப்டுச்சே, அது அவுட்புட்டு. அவ இப்ப அங்க நல்லா இருக்காளே, அது அவுட்கம்மு. அவ்ளோதான் லா, குடிங்க, ஆறிப்போவுது" என்றாள். இதை முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை, சம்பந்தி. நடந்ததைச் சொல்கிறேன். கூட்டத்திலிருந்த எல்லாருக்கும் புனிதா வாழும் தங்கள் வீட்டை வைத்துத்தான் அவுட்கம் என்ற சொல் புரிந்தது. டீசல் விஷயத்தையும் அன்றே திருத்தினோம். கல்யாணம் காட்சிக்கு வேனை வாடகைக்கு விட்டு, கோயிலும் வீடுகளும் மாதாமாதம் கொஞ்சம் போட்டு, அறவாரியம் கையை எடுத்த பிறகும் நாங்களே ஓட்டுவோம் என்று எழுதினோம்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும். பின்னிணைப்பாகப் பயனாளிகளின் புகைப்படம் வேண்டும் என்று இருந்தது. பயனாளி என்றால் வேனால் யாருக்குப் பயனோ அவர்கள். வசந்தன் எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வரச் சொன்னான். வந்தார்கள். பட்டுப்புடவை, கனகாம்பரம், கழுத்துக் கொள்ளாத சங்கிலி, ஆண்கள் கோட்டு. நீரிழிவில் கால்விரலை இழந்த மணியம்கூட, யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடிகன்போல நின்றான். எடுத்த படத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுக் கூட்டம் போலிருந்தது. இவர்களுக்கு வேன் எதற்கு, ஆளுக்கொரு கார் வாங்கலாமே என்றுதான் யாரும் கேட்பார்கள். "கொஞ்சம் சாதாரணமா, வாட்டமா நில்லுங்க" என்று வசந்தன் சொன்னதும் எல்லாரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வள்ளிநாயகி படம் எடுக்கவே வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நான் பாவம்னு கோலாலம்பூருக்குக் காட்டணுமா? நடக்காது அண்ணே. ஒங்க வேனும் வேணாம், ஒன்னும் வேணாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் திருத்திய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வசந்தன் தன் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அதில், எங்கள் கோயில் திருவிழா அன்றைக்கு அவன் போகிறபோக்கில் எடுத்த படம் ஒன்று இருந்தது.

அந்தத் திருவிழாவுக்குத் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து எங்களைப் பெருமைப்படுத்தினீர்கள். கோயில் வாசலில் தங்கள் விலையுயர்ந்த தோல் செருப்பை எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான். அதற்கு நான் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அப்புறம் மழை. தலையில் துண்டு போட்டுவிட்டது நான்தான், சளி பிடிக்கக் கூடாதே என்று. மடியில் இருந்த பை மயிலம்மாள் கட்டிக்கொடுத்த வடை. மாப்பிள்ளை சசிதரன் காரை எடுத்துவருகிறேன் என்று போனவர், செம்பனைக் காட்டில் சந்து மாறி லிங்கி ஆற்றுப்பக்கம் போய்விட்டார். தாங்கள் பஸ் நிறுத்தத்தில் அமர்ந்து காத்திருந்து, அலுப்பில் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறீர்கள். வசந்தன் தங்களைப் பார்த்ததே இல்லை. கல்யாணத்தின்போது அவன் இந்தத் தோட்டத்திலேயே இல்லை. யாரோ ஒரு பெரியவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தே ஓய்ந்துபோனார் என்று நினைத்து மனமுருகி அந்த வாசகத்தை அவனே எழுதிச் சேர்த்துவிட்டான். நான் முன்பக்கங்களைத்தான் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பின்னிணைப்பு என்பதால் பின்னால் இருந்தது, பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இதுதான் உண்மை, இதற்குமேல் உண்மை என்னிடம் இல்லை. தேர்வுப் பட்டியலில் எங்கள் விண்ணப்பம் வந்ததும் அறவாரியத்தார் சந்தோஷத்தில் அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். பிறகு நடந்தது அரிசி.

தாங்கள் போனை வைத்த அடுத்த நிமிடம் குளோரியாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "ஐயோ அங்கிள், அவரு ஒங்க சம்பந்தியா? படம் போட அவர் சம்மதம் கேட்டீங்கன்னுல நெனச்சோம். தப்பு எங்க மேலயும் இருக்கு" என்று அன்றைக்கே படத்தை நீக்கிவிட்டாள். வசந்தன் விஷயம் தெரிந்து என் வீட்டு வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சிரம்பானுக்குப் போய் ஐயாவின் காலில் விழுகிறேன் என்றான். அப்புறம் ஒரு பாலிசியும் எடுக்கச் சொல்வானோ என்று பயந்து நான்தான் தடுத்துவிட்டேன். அன்று மாலை, சிகிச்சை முடித்து யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட, வள்ளிநாயகி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் கட்டு, முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, அந்த ஐயா படத்த எடுத்துட்டு என்னோடத போடுங்க."

"நீதான் முடியாதுன்னியே?"

"நான் மாட்டேன்னதால தானே அவரு போய் மாட்டிக்கிட்டாரு. சம்பந்தி வீட்டு மானம் போயி எனக்கு வேன் வரணுமா? போடுங்க. ஆனா பாவம்னு எழுதக்கூடாது. பேரு போடணும், வயசு போடணும். நான் பட்டுப் புடவையிலதான் நிப்பேன்."

அப்படியே எடுத்தோம். நீலப் பட்டு, கையில் கட்டு. கேமராவைப் பார்த்து ஒரு முறைப்பு. அதைப் பார்த்து இவளுக்கு எதுவும் தேவையில்லை என்று எவனாவது சொன்னால், அவனைப் பந்தியில் பாதியில் எழவிடாமல் உட்காரவைத்துப் பேசிக்கொள்வாள். பழைய படத்துக்குப் பதிலாக இதை அனுப்பிவிட்டோம். நடந்ததற்குப் பொறுப்பேற்று நான் தலைவர் பதவியிலிருந்தும் விலகிவிட்டேன்.

இப்போது, சம்பந்தி, கற்றுக்கொண்டதை வைத்தே கேட்கிறேன். என்னுடைய தேவை அறிக்கை இதுதான்: வரும் மாதம் புனிதாவுக்கு வளைகாப்பு. தாங்கள் கோபத்தில் வர மறுத்தால், அவள் இரண்டு பக்கமும் பார்த்து இரண்டு பக்கமும் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பாள். நேற்று போனில் பேசும்போது அவள் குரல் அடைத்திருந்தது, சளி என்றாள். இலக்கு, நம் இரண்டு குடும்பமும் பழையபடி இருப்பது. நோக்கம், வளைகாப்புக்கு முன்னால் தாங்கள் ஒரே ஒருமுறை என் போனை எடுப்பது. அந்தச் சாம்பல் வட்டம் மறைந்து தங்கள் முகம் தெரிந்தால் அதுவே எனக்கு இண்டிகேட்டர். என்னுடைய பங்களிப்பாக, தங்கள் வாசலில் ஊரார் பார்க்க வந்து நின்று, இவர் யாருடைய தயவும் தேவைப்படாத மனிதர் என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போகத் தயார். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் குழுவிடம் பேசுகிறேன். வேன் வேறு வழியில் வரட்டும். வள்ளிநாயகியை நான் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டாவது போகிறேன். மாப்பிள்ளையின் அப்பா படம் ஊர் சிரிக்கக் கிடந்த பாவம் எங்கள் வேனின் சக்கரத்தில் ஒட்டியிருக்க வேண்டாம். இனித் தங்கள் பெயரோ, படமோ, தங்கள் நிழலோ எங்கள் தோட்டத்து எந்தத் தாளிலும் வராது. இது சத்தியம்.

சம்பந்தியம்மாளுக்கு மயிலம்மாளின் அன்பும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியும், பிறக்கப்போகும் பிள்ளைக்கு இரண்டு தாத்தாக்களும் ஒரே அறையில் உட்கார்ந்து கொடுக்கும் முத்தமும் என்றைக்கும் குறையாதிருக்க அம்மனை வேண்டி நிற்கும்,

தங்கள் அன்பை இழக்க மனமில்லாத சம்பந்தி,
சன்னாசி.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுச் செருப்பை மாட்டும்போது குளோரியாவின் போன் வந்ததால் பிரித்து எழுதுகிறேன். எங்கள் விண்ணப்பம் கிட்டத்தட்டத் தேறிவிட்டதாம். கடைசிப் படி ஒன்று பாக்கி, அதற்குக் கள ஆய்வு என்று பெயர். அறவாரியத்தின் பெரியவர்களே தோட்டத்துக்கு நேரில் வந்து, எழுதியதெல்லாம் உண்மையா என்று ஆளைப் பார்த்துப் பேசுவார்கள். அவர்கள் வருவது வரும் சனிக்கிழமை. அதற்குள் புதுத் தலைவர் தேட நேரமில்லாததால் நானே மறுபடியும் தலைவர். திரும்பப் பெறுவதாக மேலே எழுதியதையும் தயவுசெய்து பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வள்ளிநாயகி காதில் விழுந்தால் என்னை உயிரோடு விடமாட்டாள். சங்கடம் என்னவென்றால், ஃபேஸ்புக்கிலிருந்து படம் நீக்கப்படுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்ட பெரியவர்கள், பஸ் நிறுத்தத்தில் தூங்கிய அந்த முதியவரைக் கண்டு கைகுலுக்காமல் போகமாட்டோம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம். குளோரியா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். இன்னொன்று, தங்களிடம் சொல்ல மறந்தது. தங்களுக்கு ஒரு கௌரவமாக இருக்கட்டும் என்று, விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 'திட்ட ஆலோசகர்: திரு. திருநாவுக்கரசு, ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்' என்று நான்தான் போட்டிருந்தேன். அவரையும் பார்க்கவேண்டுமாம். ஆலோசகர் காலையில் வந்து ஆங்கிலத்தில் நாலு வார்த்தை வரவேற்றுப் பேசினால் போதும். முதியவர் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாம், அவர் பேசவே வேண்டாம். நடுவில் உடை மாற்றிக்கொள்ள மயிலம்மாள் உள் அறையைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். இருவரில் யார் வர இயலும் என்பதை உடனே தெரிவிக்கவும். இருவரும் வந்தால் மெத்த மகிழ்ச்சி.